மேற்குச் சுவர்

கோபர்கைரனேயில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எண்பது வயதைக் கடந்த யூத மூதாட்டி ஒருவர் வசிக்கிறார். அலிபாக் பக்கத்துக் கொங்கணக் கிராமம் ஒன்றில் செக்காட்டிப் பிழைத்த முன்னோரின் வழிவந்தவர். மராத்தியில் பேசி, மராத்தியில் கோபித்து, ஹீப்ரு மொழியில் பிரார்த்திப்பவர். வெள்ளிக்கிழமைதோறும் சூரியன் தாணே கழிமுகத்துக்கு அப்பால் இறங்கும் வேளையில் விளக்கேற்றிவிட்டு, கண்களை மூடி, உதடுகள் மட்டும் அசைய நிற்பவர். கட்டடத்துக் குழந்தைகள் யாவருக்கும் அவர் ஆஜி, அதாவது பாட்டி; எனக்கும் அப்படியே. அவருடைய கூடத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட வர்ணப் படம் ஒன்று உண்டு. நரைத்த தாடியும் நீண்ட அங்கியுமாக ஒரு கிழவர் அக்கினி ரதத்தில் அமர்ந்து மேகங்களின் ஊடே ஏறிச் செல்கிறார்; குதிரைகளின் பிடரியிலும் நெருப்பு. சிவகாசியில் அச்சாகி நம் வீடுகளுக்கு வந்த தெய்வப் படங்களின் சாயலில் அமைந்த அந்தச் சித்திரம், எலியாஹு ஹநாவி என்று பெனே இஸ்ராயேல் மக்கள் பக்தியோடு அழைக்கும் எலியா தீர்க்கதரிசியினுடையது. மும்பையிலும் தாணேயிலும் அந்தச் சமூகத்தாரின் வீடுகள் பலவற்றில் இதைக் காணலாம்.

முதன்முறை அதைப் பார்த்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வி, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என்னை விட்டு அகலவில்லை. வானத்திலோ பூமியிலோ நீரிலோ உள்ள எதன் உருவத்தையும் சமைத்து வணங்கலாகாது என்ற கட்டளையை உலகத்துக்கு வழங்கிய ஜாதியார், அந்தக் கட்டளைக்காக அரசர்களையும் பேரரசுகளையும் எதிர்த்து உயிர் துறந்த ஜாதியார், தம் கூடத்தில் ஒரு படத்தை மாட்டிவைத்தால் அதன் தாத்பரியம் என்ன? பல நூற்றாண்டுகள் ஹிந்துக்களின் நடுவே வாழ்ந்ததனால் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று சொல்லிக் கேள்வியை முடித்துவிடுவது எளிது. நானும் நெடுங்காலம் அப்படியே எண்ணியிருந்தேன். அந்த அபிப்பிராயம் ஆஜிக்கும் நியாயம் செய்யவில்லை, நமக்கும் நியாயம் செய்யவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு பண்டிகை நாளில் ஆஜிக்குத் துணையாக நான் தாணேக்குப் போனேன். கன்சோலி, ரபாலே, ஐரோலி என்று நிலையங்களைக் கடந்து செல்லும் உள்ளூர் ரயிலில், மடியில் ஒரு துணிப்பையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அவர் தம் குலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். கொங்கணக் கரையில், நவ்காவ் அருகே, கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தம் குலத்துக்கு மூலம் என்பது அவர்களுடைய ஐதிகம். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதனால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தார்கள். வேதச் சுருள்களையும் மொழியையும் மறந்த காலத்திலும் அந்த ஒருநாள் ஓய்வை அவர்கள் மறக்கவில்லை. எலியாஹு தம் ரதத்தோடு அலிபாக் அருகே கண்டாலாவில் ஒரு பாறையைத் தொட்டு விண்ணேறினார் என்று நம்பி இன்றும் அங்கே செல்கிறார்கள். நேர்த்திக்கடன் நிறைவேறினால் அவலும் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பழங்களும் கலந்து 'மலீதா' படைத்து, அவர் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள். ஆஜியின் துணிப்பையில் இருந்தது அந்த அவல்தான்.

தாணேயின் ஷார் ஹஷமாயீம் என்ற தேவாலயம் 1879இல் எழுந்தது. பெயருக்குப் பொருள் 'விண்ணகத்தின் வாயில்'. உள்ளே புகுந்ததும் என் கண்கள், பழக்கத்தினால், மூலஸ்தானத்தைத் தேடின. மேற்குச் சுவரில், எருசலேம் இருக்கும் திசையில், 'ஹேகால்' என்று அவர்கள் சொல்லும் பேழை மாடம். அதன்முன் தொங்கும் திரை. மேலே அணையாது காக்கப்படும் ஒரு விளக்கு. திரை விலகும்போது தெரிவது விக்கிரகம் அன்று. வெள்ளிப் பூண்களும் பட்டுறையும் அணிந்த தோல் சுருள்கள், அவற்றில் எழுத்து. அந்த நிமிஷத்தில், என் சிறுவயதில் மாதுங்காவிலிருந்து விடுமுறைக்குத் தமிழ்நாடு சென்று, தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு சிதம்பரத்தில் சித்சபையின் அருகே நின்றது நினைவுக்கு வந்தது. ஆனந்தத் தாண்டவம் ஆடும் அம்பலவாணரின் பக்கத்திலேயே ஒரு திரை. அதை விலக்கித் தீபாராதனை காட்டினால், வெற்றிடத்தில் தொங்கும் பொன் வில்வ இலைகள். "என்ன தெரிந்தது?" என்று தந்தையார் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்று நான் அழுத ஞாபகம்.

இருவேறு மக்கள் தத்தம் பரம ரகசியத்துக்கு முன் ஒரு துணியைத் தொங்கவிட்டிருப்பது எனக்குச் சாதாரண ஒற்றுமையாகத் தோன்றவில்லை. கி.மு. 63இல் ரோமானியத் தளபதி பாம்பே எருசலேமைக் கைப்பற்றி, பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும் ஆண்டுக்கொருமுறை நுழையக்கூடிய அதிபரிசுத்த ஸ்தலத்துக்குள் அடிவைத்தபோது, எந்தத் தெய்வத்தின் பிரதிமையும் இல்லாத வெறும் அறையையே கண்டான் என்று சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார்கள். அவன் கண்டதும் நான் சிறுவயதில் கண்டதும் ஒன்றுதானோ? வடலூரில் இராமலிங்க சுவாமிகள் 1872இல் நிறுவிய சத்திய ஞான சபையிலும் ஏழு திரைகள் விலகியபின் ஜோதி தெரிகிறதேயன்றி மூர்த்தி தெரிவதில்லை.

ஆயினும் இவை யாவும் ஒன்றே என்று சொல்லிவிடும் அவசரம் கூடாது. நம் நாட்டில் அந்த அவசரம் நல்லெண்ணத்தின் வேஷத்தில் அடிக்கடி வருகிறது. அது எதிரில் இருப்பவரின் பேச்சை முழுவதும் கேட்க மறுப்பதாகவே முடியும். சைவ சித்தாந்தம் இறைவனுக்கு உருவம், அருவம், அருவுருவம் என மூன்று திருமேனிகளைச் சொல்லும். நடராஜ மூர்த்தி உருவம், திரைக்குப் பின்னுள்ள ஆகாசம் அருவம், லிங்கம் அருவுருவம். உருவத்தை ஏற்றுக்கொண்டு, அதன் கைபிடித்துப் படியேறி, உருவமற்றதைச் சேர்வது நம் மரபின் நடை. யூதருடைய கட்டளைக்கு வேறோர் உயிர் உண்டு. அங்கே இறைவன் காணப்படுகிறவன் அல்லன், கேட்கப்படுகிறவன். ஓரேப் மலையில் எலியா நின்றபோது பெருங்காற்று வந்தது, பூகம்பம் வந்தது, நெருப்பு வந்தது. அவற்றில் எதிலும் ஆண்டவன் இல்லை. அதற்குப் பின் எழுந்த மெல்லிய ஒலியில் இருந்தான் என்பது அவர்களுடைய வேதம் கூறும் வரலாறு. பேசுகிறவனோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஒரு ஜாதி, பேசாத ஒன்றின் முன் மண்டியிடுவதைத் துரோகம் என்று கருதியது. ஆகவே அந்தத் தடையின் வேர் தத்துவ ஞானத்தில் மட்டும் இல்லை. விசுவாசத்தில், ஏறக்குறைய தாம்பத்திய தர்மம் போன்ற ஒன்றில் இருக்கிறது.

அப்படியானால் சித்திரக்கலைக்கு அங்கே இடம் ஏது? இருந்திருக்கிறது, எப்போதும் இருந்திருக்கிறது. பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைச் சமைக்க இறைவனே பெசலேல் என்னும் கைவினைஞனைப் பெயர் சொல்லி அழைத்து, தன் ஆவியால் நிரப்பினான் என்று அதே வேதம் சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மகாபண்டிதரான மைமோனிடீஸ், அலங்காரத்துக்காகவேனும் புடைத்து நிற்கும் மனித உருவைச் சமைக்கலாகாது, ஆனால் பலகையில் எழுதும் ஓவியமும் துணியில் நெய்யும் உருவமும் ஆகும் என்று வகுத்தார். அதாவது, நிழல் விழும் உருவத்துக்கு அஞ்சினார். சுவரோடு சுவராக அமர்ந்திருக்கும் உருவத்துக்கு அஞ்சவில்லை. தடை தொழுகையின் மீது. பார்வையின் மீது அன்று.

இந்த இடத்தில்தான், கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தின் யூத மாணவர் மையத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் யூத மாணவர்களுக்கென்று தனி மனைகள் அமைக்கும் முயற்சி 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹில்லேல் என்ற பழங்காலத்து ரபியின் பெயரைத் தாங்கிய அந்த இயக்கம் பிறகு எத்தனையோ வளாகங்களுக்குப் பரவிற்று. யேல் பல்கலைக்கழகத்தில் 1995இல் திறக்கப்பட்ட ஸ்லிஃப்கா மையம் அவ்வகையைச் சேர்ந்தது. ஒரே கூரையின் கீழ் தொழுகைக்கு இடம், வேத பாடத்துக்கு இடம், விதிப்படி சமைத்த உணவுக்கு இடம், அவற்றோடு சித்திரக் காட்சிகளுக்கும் இடம். யேலில் பயிலும் என் தமக்கையின் மகள், தோழியர் அழைக்க ஒரு வெள்ளிக்கிழமை விருந்துக்கு அங்கே போய் வந்து, "மாமா, படங்களைத் தாண்டித்தான் சாப்பிடப் போகிறோம். முதலில் செருப்பை எங்கே விடுவது என்று தேடினேன், பிறகு பார்த்தால் யாரும் கும்பிடவில்லை, நின்று பார்க்கிறார்கள், பேசிக்கொண்டே போகிறார்கள்" என்று தொலைபேசியில் சொன்னாள். கும்பிடவில்லை, பார்க்கிறார்கள் என்று அவள் தன்னையறியாமல் சொன்ன சொல்லில் மைமோனிடீஸின் தீர்ப்பு முழுவதும் அடங்கியிருந்தது.

யேல் என்ற பெயர் நமக்கு அந்நியமன்று. 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்து, அங்கே வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிய எலிஹு யேல், 1718இல் அனுப்பிய துணிப் பொதிகளும் 417 புத்தகங்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படமும் சேர்ந்த நன்கொடைக்காகவே அந்தக் கல்லூரிக்கு அப்பெயர் இட்டார்கள். அவர் ஆட்சியில் சென்னைத் துறைமுகத்தில் அடிமை வாணிபம் நடந்ததையும் மறைப்பதற்கில்லை. அதே சென்னையில் வைர வாணிபம் செய்து 1687இல் இறந்த ஜாக் த பைவா என்ற யூதரின் விதவை ஹிரோனிமா, பின்னர் யேலோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றாள். கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் அதைப் பெரிய அபவாதமாகப் பேசினார்கள். ஒரு யூத வணிகரின் கல்லறையையும் ஒரு கவர்னரின் செல்வத்தையும் ஒருங்கே தாங்கிய ஊர் நம்முடையது. அந்தக் கவர்னரின் பெயர் பூண்ட பல்கலைக்கழகமோ, யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு 1960களின் தொடக்கம் வரை வரம்பு கட்டியிருந்தது. அந்த வரம்பு நீங்கி ஒரு தலைமுறைக் காலம் சென்ற பிறகு எழுந்த மனையின் சுவரில் படங்கள் தொங்குகின்றன என்பதை அலங்காரச் செய்தியாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளே வர விடாத இடத்தில் தம் முகத்தைக் காட்டும் உரிமை அதில் அடங்கியிருக்கிறது.

இனி நம் பக்கத்தைப் பார்க்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பஞ்சலோக மூர்த்திகள் நிற்கும் மண்டபத்துக்குள் நுழையும் தமிழனுக்கு நேர்வது இதற்கு நேர்மாறான அனுபவம். அபிஷேகமும் அலங்காரமும் நைவேத்தியமும் கண்ட திருமேனிகள், கண்ணாடிக்குப் பின்னே, நூற்றாண்டும் உயரமும் எழுதிய அட்டையோடு நிற்கின்றன. அழகு குறையவில்லை, ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ வலிக்கிறது. 1976இல் பத்தூரில் மண்ணுக்குள் கிடைத்துக் கள்ளத்தனமாக லண்டன் சென்ற நடராஜர் திருமேனிக்காக அவ்வூர்க் கோயிலின் சிவலிங்கமே வாதியாக வழக்காடி, 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று வென்றதை நாம் அறிவோம். தன் மூர்த்தியை யாரோ காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வதை ஒரு தெய்வம் பொறுக்கவில்லை என்றே கிராமத்தார் அதைப் புரிந்துகொண்டிருப்பார்கள். நமக்குக் காட்சிச் சுவர் தெய்வத்தின் வனவாசம். யூதருக்கு அதே சுவர் உருவத்துக்குக் கிடைத்த அபயம்: தொழப்படும் அபாயத்திலிருந்து விடுபட்டு, மனிதன் மனிதனைக் காணும் வெளிச்சத்தில் ஓர் உருவம் அங்கேதான் மூச்சுவிட முடிகிறது. ஒரே ஆணியும் ஒரே சட்டமும் இரண்டு மக்களுக்கு இப்படி எதிரெதிர்ப் பொருள் தருவதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

உருவத்தை வணங்கும் நாமும் காவலின்றி வணங்கிவிடவில்லை. களிமண் பிள்ளையாரை வாங்கி வந்து, ஆவாஹனம் செய்து, பூஜித்து, கோபர்கைரனேயின் குளத்தில் கண்ணீரோடு கரைத்துவிடுகிறோமே, அந்த விசர்ஜனம் எதற்காக? கையில் பிடித்ததையே பரம்பொருள் என்று எண்ணிவிடாதே என்று நமக்கு நாமே செய்துகொள்ளும் எச்சரிக்கையாகவே அதை நான் கொள்கிறேன். அவர்கள் சமைக்காமல் காத்துக்கொண்டார்கள். நாம் கரைத்துக் காத்துக்கொள்கிறோம்.

இப்படித் தொழுகைக்கூடம் வேறு, காட்சிக்கூடம் வேறு என்று வகுத்து நான் திருப்தியடைந்திருந்த வேளையில், என் திருப்தியைக் குலைத்த செய்தியும் அந்த யேலிலிருந்தே வந்தது. சிரியாவில் யூப்ரட்டீஸ் நதிக்கரையில் துரா யூரோபஸ் என்ற பழைய காவல் நகரத்தை யேல் பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சுப் பண்டிதர்களும் 1928 முதல் பத்தாண்டுக் காலம் அகழ்ந்தார்கள். 1932 நவம்பரில், நகர மதிலை ஒட்டிய மண்மேட்டின் அடியிலிருந்து, கி.பி. 244–245இல் புதுப்பித்துக் கட்டியதாகக் எழுத்துச் சான்றுள்ள ஒரு யூதத் தேவாலயம் வெளிப்பட்டது. பாரசீகச் சேனையின் முற்றுகைக்கு அஞ்சிய ரோமானியர், மதிலை வலுப்படுத்த அந்தத் தெருவையே மண்ணிட்டு நிரப்பினார்கள். சுமார் 256இல் நகரம் விழுந்து பாழாயிற்று. மூடிய மண் ஒரு தாயைப் போலச் சுவர்களைக் காப்பாற்றியது. சுவர்கள் நெடுகச் சித்திரங்கள்! நதியிலிருந்து குழந்தை மோசேயை எடுக்கும் பெண்கள், எசேக்கியேலின் பள்ளத்தாக்கில் உயிர்பெற்று எழும் எலும்புகள், எஸ்தர் அரசி, தாவீதை அபிஷேகம் செய்யும் சாமுவேல். இறைவனுக்கு மட்டும் உருவம் இல்லை. மேலிருந்து நீளும் ஒரு கரம், அவ்வளவே.

அவற்றுள் ஒரு சித்திரம் எலியாவைப் பற்றியது. கைம்பெண் ஒருத்தி துக்க உடையில் இறந்த மகனை ஏந்தி நிற்கிறாள். நடுவே, கட்டிலில் சாய்ந்த எலியா அக்குழந்தையை உயரத் தூக்குகிறார். மறுபுறம் அதே தாய், வெண்ணிற உடையில், உயிர்பெற்ற பிள்ளையோடு. இது இருக்கும் இடம் மேற்குச் சுவர். வேதச் சுருள்களை வைக்கும் மாடம் அமைந்த அதே சுவர். தொழுகையின் திசையிலேயே, அவர்கள் நின்று பிரார்த்தித்த கண்களுக்கு எதிரிலேயே படங்கள் இருந்திருக்கின்றன. இன்னும் ஒரு விஷயம் என்னை நெகிழவைத்தது. அவ்வூருக்கு வந்த பாரசீக எழுத்தர்கள் சிலர் அந்தச் சித்திரங்களின் மேலேயே மையினால், இன்ன நாளில் வந்தோம், இந்தச் சித்திரத்தைப் பார்த்தோம் என்ற பொருள்பட எழுதிவைத்திருக்கிறார்கள். வேற்று மதத்தார் வந்து நின்று பார்த்து, பார்த்ததை எழுதிச் சென்ற இடம் தேவாலயமா, காட்சிக்கூடமா? நான் இட்ட கோடு அங்கே அழிந்துபோயிற்று. மூலச் சித்திரங்கள் இன்று டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன, பிரதிகள் யேலில்.

ஆகையினால் கோடு எங்கோ சட்டப் புத்தகத்தில் ஒருமுறை எழுதி முடிந்ததன்று. ஒவ்வொரு ஊரும், ஏன், ஒவ்வொரு வீடும் அதைத் தானே இழுத்துக்கொள்கிறது என்ற எண்ணம் எனக்கு வந்தது. நம் மும்பையில் காலா கோடாவுக்குச் சென்றால், ஜேக்கப் சசூன் 1884இல் தம் தந்தையின் நினைவாகக் கட்டிய கெனெசெத் எலியாஹு தேவாலயம் நீல வர்ணத்தில் நிற்கிறது. அங்கிருந்து சில நிமிஷ நடையில், 1952இல் திறந்த ஜஹாங்கீர் சித்திரசாலை. அந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்த கறுப்புக் குதிரையும், அதன்மேல் அமர்ந்திருந்த இளவரசரின் வெண்கலச் சிலையும், ஆல்பர்ட் சசூன் என்ற யூதப் பிரபு அளித்த கொடை என்பதை அங்கே தேநீர் அருந்துவோரில் எத்தனை பேர் அறிவார்கள்! பம்பாயில் 1960இல் பெனே இஸ்ராயேல் குடும்பத்தில் பிறந்து, ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்று, அமெரிக்காவில் வாழும் சியோனா பெஞ்சமின் வேதத்துப் பெண்களான சாராவையும் எஸ்தரையும் எழுதும்போது, நம் கண்ணன் மேனியை நினைவூட்டும் நீல நிறத்தை அவர்களுக்குத் தீட்டுகிறார். இந்தியாவில் எஞ்சியிருக்கும் தம் சமூகத்தாரின் முகங்களை அவர் புகைப்படமெடுத்து, அவற்றின்மேல் வர்ணமும் பொன்னும் இட்டுச் செய்த தொடர் மும்பை அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தது. இந்நாட்டில் ஐயாயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிட்ட ஒரு சமூகத்தின் முகங்கள் அவை. உருவம் கூடாது என்ற மரபில் பிறந்த ஒருவர், மறைந்துபோகும் முகங்களைக் காக்க உருவத்தையே நாடியதை நான் மீறலாகக் கருதவில்லை. மனித முகம் இறைவனின் சாயலில் ஆனது என்று அதே வேதம் சொல்லியிருக்க, அதைக் கவனியாமல் விடுவதல்லவா பெரிய அவமதிப்பு?

சென்ற தீபாவளிக்கு முன் ஆஜியின் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். படத்தைத் திரும்ப மாட்டிக் கொடு என்று என்னைக் கூப்பிட்டார். கழிமுகத்தை நோக்கிய மேற்குச் சுவரில், சன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்து ஆணியை வைத்தேன்.

"அங்கே வேண்டாம், பாளா" என்றார்.

நாற்காலியின் மேல் நின்றபடியே நான் துராவின் கதையைச் சொன்னேன். ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஊரில் எலியாஹு மேற்குச் சுவரிலேயே இருந்தார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருந்தார் என்றேன். ஆஜி மிகவும் கவனமாகக் கேட்டார். அந்தத் தாயின் உடை நிறம் மாறியதை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு புடவைத் தலைப்பினால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவர்கள் பெரிய கூட்டமாக நின்று தொழுதவர்கள், படத்தைப் பார்த்தாலும் மனம் சிதறியிராது. நான் தனியாக நிற்கிறேன். வடக்கே அடி" என்றார்.

வடக்குச் சுவரில் அடித்தேன். மேற்குச் சுவர் வெறுமையாக, புதிய சுண்ணாம்பு மணத்தோடு இருந்தது.